மறுவாசிப்பும் நிலைபேறும்: ‘கோல்டன்ஐ 007’ காணொளி விளையாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

1997 ஆம் ஆண்டு நிண்டெண்டோ 64 கருவிக்கென வெளிவந்த ‘கோல்டன்ஐ 007’ ஓர் உளவாளியை மையமாகக் கொண்ட சுடுதல் விளையாட்டாகும். அதனை இயக்கிய கருவி சந்தையிலிருந்து மறைந்து பல ஆண்டுகள் ஆகியும் அவ்விளையாட்டு தொடர்ந்து ஆடப்பட்டு வருகிறது. இந்நிலைபேற்றிற்கு இளமைக்கால நினைவேக்கமே காரணம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அவ்விளக்கம் போதுமானதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரே களத்தைப் பல முறை வாசிக்கச் செய்யும் அமைப்பு, விளைவை உணர்த்தும் விதிகள், ஆடுவோர் தாமே உருவாக்கிக்கொண்ட வழக்காறுகள் ஆகிய மூன்றும் அதன் ஈர்ப்புக்கு அடிப்படைகளாக அமைகின்றன என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்

காணொளி விளையாட்டு, மறுவாசிப்பு, ஏற்புக் கோட்பாடு, வழக்காறு, பாடவேறுபாடு, நிலைபேறு.

முன்னுரை

ஓர் இலக்கியப் பனுவல் அது தோன்றிய காலத்தைக் கடந்து நிற்கும்போது அதனைச் செவ்வியல் தகுதியுடையது என்கிறோம். இத்தகுதி காணொளி விளையாட்டிற்குப் பொருந்துமா என்னும் வினா எளிதில் விடை காணக்கூடியதன்று. நூல் ஒன்றைப் படிக்கக் கண்ணும் மொழியறிவும் போதும். காணொளி விளையாட்டை ஆடுவதற்கோ அதற்குரிய கருவியும், கட்டுப்பாட்டுச் சாதனமும், திரையும் வேண்டும். கருவி வழக்கொழிந்தால் பனுவலும் உடன் மறைவதே இத்துறையின் இயல்பு. அவ்வாறு மறைந்தவை மிகப் பல. மறையாமல் நின்ற சிலவற்றுள் ஒன்று ‘கோல்டன்ஐ 007’.

இவ்விளையாட்டை உருவாக்கியது இங்கிலாந்தின் லெஸ்டர்சயர் பகுதியில் டுவைகிராஸ் என்னும் சிற்றூரில் இயங்கும் ரேர் நிறுவனம். வெளியிட்டது நிண்டெண்டோ. பியர்ஸ் பிராஸ்னன் ஜேம்ஸ் பாண்டாக நடித்து, மார்ட்டின் கேம்பெல் இயக்கி, 1995 நவம்பரில் வெளிவந்த ‘கோல்டன்ஐ’ திரைப்படமே இதன் கதைமூலம். ஆனால் விளையாட்டு வெளிவந்தது 1997 ஆகஸ்டில். படம் திரையரங்குகளை விட்டு நீங்கி ஓராண்டுக்கும் மேலான பின்னர் வந்த விளையாட்டிற்குப் படத்தின் விளம்பரத்தால் விளையும் பயன் பெரிதாக இருந்திருக்க இயலாது. ஆயினும் 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்று, அக்கருவிக்கு வந்த விளையாட்டுகளுள் விற்பனையில் மூன்றாம் இடத்தை அது பெற்றது.

ஆய்வுச்சிக்கலும் கருதுகோளும்

நினைவேக்கம் என்னும் விளக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு. 1997 இல் சிறுவராக இருந்தோர் இன்று நடுவயதினர். தம் இளமையை நினைவூட்டும் பொருள்மீது அவர்களுக்குப் பற்று இருப்பது இயல்பே. எனினும் இவ்விளக்கம் ஒரு வினாவிற்கு விடை தருவதில்லை. அதே காலத்தில் அதே சிறுவர்கள் ஆடிய பிற விளையாட்டுகள் பலவும் நினைவில் மட்டும் எஞ்சியிருக்க, இது மட்டும் ஏன் இன்றும் கையில் எடுத்து ஆடப்படுகிறது? நினைவுகூர்தல் வேறு, மீண்டும் ஆடுதல் வேறு. முன்னதற்கு ஆடுபவரின் வாழ்க்கை காரணமாகலாம். பின்னதற்குப் பனுவலின் அமைப்பில் காரணம் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

விளையாட்டின் அமைப்பு, ஆடுவோர் அதனை ஏற்ற முறை, அதன் மறுபதிப்பு வரலாறு ஆகிய மூன்றும் இக்கட்டுரையின் எல்லைகளாகும்.

ஒரே களம், மூன்று வாசிப்புகள்

இவ்விளையாட்டில் 18 முதன்மைப் பணிகளும் 2 கூடுதல் பணிகளும் உள்ளன. ஒவ்வொன்றையும் ‘ஏஜென்ட்’, ‘சீக்ரெட் ஏஜென்ட்’, ‘00 ஏஜென்ட்’ என்னும் மூன்று நிலைகளில் ஆடலாம். பிற விளையாட்டுகள் பலவற்றில் நிலை உயர்வது என்பதற்குப் பகைவரின் வலிமை கூடுவது என்பது மட்டுமே பொருள். இங்கோ நிலை உயரும்போது செய்ய வேண்டிய பணிகளே மிகுகின்றன.

முதற்களமாகிய அணைக்கட்டு இதற்குத் தக்க சான்று. தொடக்கநிலையில் ஆடுபவர் காவலரைக் கடந்து சென்று அணையின் மேலிருந்து கயிறு கட்டிக் குதித்தால் போதும். இரண்டாம் நிலையில் அபாயமணிகள் அனைத்தையும் தேடிச் செயலிழக்கச் செய்தல் வேண்டும். மூன்றாம் நிலையில் இவற்றோடு மறைமோடம் ஒன்றைப் பொருத்துவதும், பகைவரின் தரவைக் கைப்பற்றுவதும் சேர்கின்றன. முதல்முறை பொருளற்றுக் கடந்துபோன அறை மூன்றாம் முறை பொருள் பெறுகிறது. களம் மாறவில்லை, அதனை நோக்கும் கண் மாறுகிறது. இலக்கியத்தில் மறுவாசிப்பு எனப்படும் நிகழ்வு இங்கு அமைப்பின் பகுதியாகவே இடம்பெறுகிறது.

இவ்வமைப்பு தோன்றிய முறையும் கருதத்தக்கது. குழுவின் தலைவர் மார்ட்டின் ஹாலிஸ் பின்னாளில் ஆற்றிய உரையொன்றில் இதனை விளக்கியுள்ளார். களங்களை வரைந்தோர், ஆடுபவர் எங்குத் தொடங்குவார், எங்கு முடிப்பார் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டி முடிவு செய்யவில்லை. முதலில் நம்பத்தக்க கட்டடம் ஒன்றை உருவாக்கினர். பகைவரையும் பணிகளையும் பின்னரே அதனுள் இட்டனர். திரைப்படம் எடுக்கப்பட்ட லீவ்ஸ்டன் படப்பிடிப்புத் தளத்திற்குக் குழுவினர் சென்று அரங்கமைப்புகளைப் பார்வையிட்டதும் இதற்குத் துணைநின்றது. இதன் விளைவாகப் பணியோடு நேரடித் தொடர்பற்ற அறைகளும் வழிகளும் களங்களில் எஞ்சின.

திட்டமிடலின் குறைபாடாகத் தோன்றும் இதுவே பனுவலின் வளமாயிற்று. ஆடுபவருக்கென வெட்டப்பட்ட சுரங்கவழியாக அன்றி, அவர் வருமுன்னரே இருந்த இடமாகக் களம் தோன்றுகிறது. அணைக்கட்டின் நீர்ப்பரப்பிற்கு அப்பால் தொலைவில் ஒரு தீவு தென்படும். அங்குச் செல்ல வழியில்லை. எப்பணிக்கும் அது பயன்படுவதில்லை. ஆயினும் அத்தீவை அடைய முயன்று ஆடுவோர் பல ஆண்டுகள் செலவிட்டனர். பனுவலில் சொல்லாது விடப்பட்ட இடைவெளிகளை வாசகர் நிரப்புவர் என ஏற்புக் கோட்பாட்டினர் கூறுவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

விளைவை உணர்த்தும் விதிகள்

1990களின் நடுப்பகுதியில் சுடுதல் விளையாட்டு என்றாலே ‘டூம்’ வகுத்த மரபு நினைவுக்கு வரும். விரைந்து ஓடுதலும் கண்ணில் பட்டதைச் சுடுதலும் அதன் இயல்புகள். ‘கோல்டன்ஐ 007’ அம்மரபிலிருந்து பெற்றுக்கொண்டது உண்டு, விலகியதும் உண்டு. ‘வர்ச்சுவா காப்’ விளையாட்டிலிருந்து உடலில் குண்டு பட்ட இடத்திற்கேற்பப் பகைவர் மாறுபட்டு எதிர்வினை காட்டும் முறையையும், ‘சூப்பர் மரியோ 64’ இலிருந்து ஒரே களத்தில் பல பணிகளை வைக்கும் முறையையும் குழு எடுத்துக்கொண்டது.

குண்டு கையில் பட்டால் கையைப் பிடிப்பதும், காலில் பட்டால் நொண்டுவதும் இன்றைய ஆடுநருக்குப் புதுமையல்ல. எனினும் இவற்றின் பயன் வெறும் காட்சியளவில் நிற்பதில்லை. ஆடுபவரின் ஒவ்வொரு செயலுக்கும் களம் விடை தருகிறது என்னும் உணர்வை இவை தோற்றுவிக்கின்றன. ஓசையடக்கி பொருத்திய துப்பாக்கியால் ஒருவனை வீழ்த்தினால் அடுத்த அறையிலிருப்பவன் அறியமாட்டான். ஓசை எழுப்பும் துப்பாக்கியைத் தொடர்ந்து இயக்கினால் அவ்வோசை கேட்டுக் காவலர் திரள்வர். கண்காணிப்புக் கருவியின் பார்வையில் பட்டால் அபாயமணி ஒலிக்கும். உளவு என்னும் கருப்பொருள் கதையில் மட்டுமன்றி விதியிலும் பொதிந்திருப்பதை இவற்றால் அறியலாம்.

உயிர்நிலை பற்றிய விதி இவற்றினும் கடுமையானது. பணியின் நடுவே இழந்த உயிராற்றலை மீட்கும் மருந்துப்பொதி எதுவும் இங்கு இல்லை. உடற்கவசம் கிடைத்தால் மேலும் வரும் அடிகளை அது தாங்கும். ஏற்கெனவே பட்ட காயம் ஆறாது. ஆகவே தொடக்கத்தில் செய்த ஒரு பிழை இறுதிவரை உடன்வருகிறது. பின்னாளில் வந்த விளையாட்டுகள் பலவற்றில் சற்று நேரம் மறைந்து நின்றால் உயிராற்றல் தானே மீளும். அம்முறை ஆடுபவருக்கு ஆறுதல் தருவது. எனினும் கணந்தோறும் எடுக்கும் முடிவின் கனத்தைக் குறைத்துவிடுவது.

ஒரே திரையில் நால்வர்

நிண்டெண்டோ 64 கருவியில் நான்கு கட்டுப்பாட்டுச் சாதனங்களை இணைக்கும் வசதி இயல்பாகவே இருந்தது. அவ்வசதியைப் பயன்படுத்தி நால்வர் ஒருவரோடொருவர் பொருதும் பகுதி இவ்விளையாட்டின் புகழுக்குப் பெரும் காரணமாயிற்று. வியப்பிற்குரியது யாதெனில், இப்பகுதி தொடக்கத் திட்டத்தில் இடம்பெறவே இல்லை. உருவாக்கத்தின் இறுதி மாதங்களில் ஸ்டீவ் எல்லிஸ் என்னும் நிரலாளரின் முயற்சியால் அது சேர்க்கப்பட்டது. பத்துப்பேர் அளவிலான சிறு குழு. அவர்களுள் பலருக்கும் இதுவே முதல் விளையாட்டு. ஆணைக்குக் காத்திராமல் செய்துபார்க்கும் சூழல் அங்கு நிலவியதனாலேயே இது இயன்றது எனலாம்.

திரை நான்காகப் பிரிக்கப்படுவதால் ஒவ்வொருவர் இருப்பிடமும் மற்ற மூவருக்கும் தெரியும். மறைதலே உளவின் இலக்கணம். இங்கோ முழுமையாக மறைவது இயலாது. இம்முரணே ஆட்டத்திற்குச் சுவை கூட்டியது. பிறர் திரையைப் பார்ப்பது ஏமாற்றா, திறமையா என்னும் வழக்கு நான்கு பேர் அமர்ந்த அறைதோறும் எழுந்தது. அதனைத் தீர்த்துவைக்கும் விதி விளையாட்டினுள் இல்லை. ஆடுவோரே வகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இத்தகைய விதிகளுள் பரவலாக அறியப்பட்டது ‘ஆட்ஜாப்’ என்னும் பாத்திரம் பற்றியது. 1964 இல் வெளிவந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தின் இப்பாத்திரம் விளையாட்டில் பிறரைவிடக் குட்டையாக அமைக்கப்பட்டுள்ளது. நேராகக் குறிவைத்த குண்டு அவன் தலைக்குமேல் சென்றுவிடும். எனவே ஆட்ஜாபைத் தேர்ந்தெடுப்பது முறையன்று என்னும் கட்டுப்பாடு, எழுதப்படாமலே, ஒருவரையொருவர் அறியாத ஆடுநரிடையே பல நாடுகளில் நிலவியது.

நாட்டார் விளையாட்டுகளை ஆராய்வோர்க்கு இஃது அறிமுகமான இயல்பே. கிட்டிப்புள்ளின் அளவைமுறை ஊருக்கு ஊர் வேறுபடுவதும், ஆட்டம் தொடங்குமுன் ஆடுவோர் விதிகளைப் பேசி உடன்படுவதும் களஆய்வில் காணக்கூடியவை. ஆலையில் அச்சிட்டது போன்று எல்லார்க்கும் ஒரே வடிவில் கிடைத்த மின்னணுப் பனுவலிலும் வாய்மொழி வழக்காறு தோன்றியது என்பது இவ்வாய்வின் முக்கியமான அவதானிப்பு. விதி நிறைவுறாது நின்ற இடத்தில்தான் சமூகம் உள்நுழைந்தது.

காலத்தோடு போட்டி

ஒவ்வொரு பணியிலும் குறித்த நேரத்திற்குள் முடித்தால் ஒரு சிறப்புரிமை திறக்கும் என்னும் ஏற்பாடு விளையாட்டில் உள்ளது. இரண்டாம் பணியாகிய இரசாயன ஆலையை ‘00 ஏஜென்ட்’ நிலையில் 2 நிமிடம் 5 வினாடிக்குள் முடித்தால் சாகாவரம் கிட்டும். அப்பணியில் உதவும் அறிவியலறிஞரின் பெயர், உருவாக்கக் குழுவைச் சேர்ந்த டேவிட் டோக்கின் பெயரே. அவர் நிற்கும் இடம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். எனவே திறமை முழுமை பெற்றாலும் நற்பேறும் வேண்டியிருந்தது.

இந்நேர இலக்குகளிலிருந்தே விரைந்து முடிப்பதில் போட்டியிடும் மரபு வளர்ந்தது. 20 பணிகள், 3 நிலைகள் என 60 பிரிவுகளில் ஆடுநர் தம் நேரங்களைப் பதிந்து ஒப்பிடலாயினர். நேர்முன்னே ஓடுவதைவிடப் பக்கவாட்டு நகர்வையும் சேர்த்து மூலைவாக்கில் ஓடினால் விரைவு கூடும் என்பதை அவர்கள் கண்டறிந்தனர். தரையை நோக்கியபடி ஓடினால் கருவி வரைய வேண்டிய காட்சி குறைந்து ஆட்டம் தடங்கலின்றி ஓடும் என்பதையும் கண்டறிந்தனர். உருவாக்கியோர் எண்ணியிராத இவ்வுண்மைகள் பனுவலை வரிவரியாக ஆழ்ந்து கற்றதன் பயன்கள். உரையாசிரியர் மூலநூலின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்ப்பதற்கு இதனை ஒப்பிடுவது பொருந்தும்.

அணைக்கட்டுப் பணியின் தொடக்கநிலையை 53 வினாடியில் முடித்த சாதனை 2002 இல் நிகழ்ந்தது. அதனை 52 வினாடியாகக் குறைக்க 2017 வரை ஆயிற்று. ஒரு வினாடிக்குப் பதினைந்து ஆண்டு. நினைவேக்கத்தால் ஒருவர் ஒரு மாலைப்பொழுதைச் செலவிடலாம். இத்தகைய நெடிய உழைப்பை அது விளக்காது.

மூலமும் பாடவேறுபாடும்

2002 இல் மைக்ரோசாஃப்ட் ரேர் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. அதன்பின் இவ்விளையாட்டின் உரிமை பலரிடையே சிதறியது. நிரலை ஆக்கியது மைக்ரோசாஃப்டின் கீழ் வந்த நிறுவனம், வெளியிட்டது நிண்டெண்டோ, ஜேம்ஸ் பாண்ட் பாத்திரத்தின் உரிமை திரைப்படத் தரப்பினருடையது. எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கென ஏறத்தாழ முடிக்கப்பட்ட மறுபதிப்பு உரிமை உடன்பாடு எட்டாமையால் கைவிடப்பட்டு, 2021 இல் முறைசாரா வழியில் கசிந்தது. மூலம் ஏறத்தாழ கால் நூற்றாண்டு புதிய கருவி எதற்கும் முறைப்படி வரவில்லை. அக்காலமெங்கும் அதனைக் காத்தவர்கள் பழைய கருவிகளைப் பேணிய ஆடுநரே.

2010 இல் யூரோகாம் நிறுவனம் ஆக்கி ஆக்டிவிஷன் வெளியிட்ட, இதே தலைப்பைக் கொண்ட மறுஆக்கம் ஒன்று வந்தது. டேனியல் கிரெய்க் அதில் பாண்டாக மாறினார், கதை புதுக்கப்பட்டது, உயிராற்றல் தானே மீளும் முறை பொதுநிலைகளில் புகுத்தப்பட்டது. தன்னளவில் நன்கு ஆக்கப்பட்டதாயினும் அது மூலத்தின் இடத்தைப் பெறவில்லை. தலைப்பும் கதையும் ஒன்றாயிருந்தும் ஈர்ப்பு இடம்மாறவில்லை என்பது, ஈர்ப்பின் இருப்பிடம் கதை அன்று, விதியும் களமுமே என்னும் கருத்திற்கு வலுச்சேர்க்கிறது.

2023 சனவரி 27 அன்று மூலவிளையாட்டே நிண்டெண்டோ ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் ஆகிய இரு கருவிகளுக்கும் முறைப்படி வந்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல. ஸ்விட்ச் வடிவில் தொலைவிலிருப்போர் இணையவழிச் சேர்ந்து ஆடலாம். எக்ஸ்பாக்ஸ் வடிவில் அவ்வசதி இல்லை, ஆனால் காட்சித் தெளிவும் இன்றைய கட்டுப்பாட்டு முறையும் உண்டு. எது மூலத்திற்கு நெருக்கமானது என ஆடுநர் நடத்தும் விவாதம் பாடவேறுபாடு பற்றிய விவாதமே. பனுவல் ஒன்றின் மூலபாடம் எது எனப் பூசல் எழுவது அது மதிக்கப்படுவதற்கு அடையாளம்.

குறைகளும் மறுப்புகளும்

இவ்விளையாட்டின் குறைகளை மறைத்துப் புகழ்வது ஆய்வறமாகாது. ஒற்றை நெம்புகோலால் நடையையும் திரும்புதலையும் இயக்கும் முறை, இன்று இரட்டை நெம்புகோலில் பழகியோர்க்கு இடர்ப்பாடு தருகிறது. வெடிப்புகள் மிகும்போது காட்சி தடங்குகிறது. நட்டாலியா என்னும் பாத்திரத்தைக் காக்க வேண்டிய பணிகளில் அவர் குண்டுகளுக்கிடையே தாமாக வந்து நிற்பது ஆடுபவரின் பொறுமையைச் சோதிக்கிறது. முதன்முறை ஆடும் இளையோர் இவற்றால் விலகுவதும் உண்டு. அவ்வாறாயின் நினைவேக்கம் உள்ளோர்க்கே இது சுவைக்கும் என்னும் மறுப்பு எழலாம். பழம்பனுவலைப் படிக்க அதன் மொழிவழக்கைக் கற்க வேண்டியிருப்பது போன்றதே இத்தடையும். கற்றபின் பொருள் கிட்டுகிறதா என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

வன்முறை பற்றிய வினாவும் உண்டு. நெருக்கத்தில் கொல்லும் காட்சிகள் மிகுந்திருப்பது குறித்து நிண்டெண்டோவின் ஷிகேரு மியாமோட்டோ தயக்கம் தெரிவித்ததாகவும், இறுதியில் மருத்துவமனைக்குச் சென்று பகைவரோடு கைகுலுக்கும் காட்சியைச் சேர்க்கலாம் எனக் கூறியதாகவும் ஹாலிஸ் பதிவு செய்துள்ளார். அக்காட்சி சேர்க்கப்படவில்லை, மாறாக, நடித்தோரை அறிமுகம் செய்வது போன்ற இறுதிக்காட்சி, நிகழ்ந்தது கற்பனையே என்பதை உணர்த்தியது. வினா அதனால் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஆக்கியோர் அதனை அறிந்திருந்தனர் என்பது மட்டும் தெளிவு.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. ஒரே களத்தில் நிலைக்கேற்பப் பணிகளை மாற்றும் அமைப்பு மறுவாசிப்பை இன்றியமையாததாக்கியது.

2. செயலின் விளைவு நிலைத்து நிற்கும் விதிகள் ஒவ்வொரு முடிவிற்கும் கனம் சேர்த்தன.

3. விதிகள் நிறைவுறாத இடங்களில் ஆடுவோர் தம் வழக்காறுகளை உருவாக்கினர். அவ்வழக்காறுகளே பனுவலைத் தலைமுறை கடத்தின.

4. பெயரையும் கதையையும் பெற்ற மறுஆக்கம் மூலத்தின் இடத்தைப் பெறாமையும், ஒரு வினாடிக்காகப் பதினைந்து ஆண்டு நீண்ட போட்டியும் நினைவேக்க விளக்கத்தின் போதாமையைக் காட்டுகின்றன.

2025 இல் அமெரிக்காவின் ஸ்ட்ராங் அருங்காட்சியகம் இவ்விளையாட்டை உலகக் காணொளி விளையாட்டுப் புகழ்மாடத்தில் சேர்த்தது. அருங்காட்சியகத்தின் ஏற்பு மதிப்பிற்குரியது. ஆயினும் ஏறத்தாழ கால் நூற்றாண்டு இப்பனுவலைக் காத்தது சட்டமும் சந்தையும் அல்ல. உரிமைப் பூசலால் வழங்காது கிடக்கும் மின்னணுப் பனுவல்கள் இன்னும் பல. ஆடுநர் கூட்டம் வாய்க்காதவை ஆய்வாளர் கண்ணில் படுமுன்னரே அழியக்கூடும். ஆதலின் அவற்றைத் தொகுத்தலும் பேணுதலும் பண்பாட்டு ஆய்வின் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கன.